உலக இலக்கியம்: மாரியம்மன் கதை கதேயிடம் போன வழி

2023 அக்டோபரில் நம் மொரீஷியஸ் தீவின் எழுத்தாளர் ஆனந்தா தேவிக்கு 2024ஆம் ஆண்டுக்கான நியூஸ்டாட் பன்னாட்டு இலக்கியப் பரிசு அறிவிக்கப்பட்டது. 2025 மே மாதம் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் சிறுகதைத் தொகுப்புக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே பரிசு கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலுக்குப் போயிருந்தது. இப்படிச் செய்திகள் வரும்போதெல்லாம் ‘உலக இலக்கியம்’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. மொரீஷியஸ் தமிழர்களுக்கு உடனே எழும் கேள்வி இது: இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் வைத்திருக்கும் தமிழ் அதில் எங்கே? பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதினால்தான் உலகம் சேர்த்துக்கொள்ளுமா?

கேள்வி நியாயமானது. ஆனால் உலக இலக்கியத்தைப் பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலைப் போல நினைத்துக்கொண்டு கேட்டால் பதில் கிடைக்காது. எந்த நூல் எந்த வழியாக, யார் கைப்பட்டு, எந்த மொழியில் ஏறி எங்கே போய் இறங்கியது என்று பார்த்தால்தான் பரிசுகளும் புறக்கணிப்புகளும் புரியும். அப்படிப் பார்க்கிறபோது, அந்த வரலாற்றில் தமிழுக்கும் இந்தத் தீவுக்கும் பலர் நினைப்பதைவிட முந்திய இடம் இருப்பதும் தெரியவரும்.

ஒரு சொல், மூன்று பொருள்

‘உலக இலக்கியம்’ என்பதை நாம் மூன்று விதமாகப் பயன்படுத்துகிறோம். மூன்றையும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

1. உலகத்தில் இதுவரை எழுதப்பட்டதும் பாடப்பட்டதும் எல்லாம். இந்தப் பொருளில் ஊர்த் தாலாட்டும் உலக இலக்கியம்தான். தவறில்லை, ஆனால் எல்லாமே அடங்கிவிட்டால் அந்தச் சொல்லைக் கொண்டு எதையும் விளக்க முடியாது.

2. காலத்தை வென்ற பெரு நூல்களின் வரிசை: ஹோமர், தாந்தே, ஷேக்ஸ்பியர், டால்ஸ்டாய் என்று போகும். மேலைநாட்டுப் பல்கலைக்கழகத் தொகைநூல்கள் நீண்ட காலம் இப்படித்தான் அமைந்தன. தொகுத்தவர்களுக்குத் தெரிந்த மொழிகளே வரிசையைத் தீர்மானித்தன.

3. பிறந்த மொழியையும் நாட்டையும் தாண்டிப் போய், மூலத்திலோ மொழிபெயர்ப்பிலோ, வேறோர் இடத்தில் உயிரோடு வாசிக்கப்படும் எழுத்து. அமெரிக்க அறிஞர் டேவிட் டாம்ரோஷ் 2003இல் வெளியிட்ட நூலில் இந்த வரையறையைத் தெளிவாக முன்வைத்தார். இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மறுப்பவர்களும் இதைத்தான் மறுக்கிறார்கள்.

மூன்றாவது பொருளை ஏற்றுக்கொண்டால் நமக்குப் பழக்கமான ஒரு வாதம் நிற்காது. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று பாடியிருப்பதால் தமிழ் அப்போதே உலக இலக்கியம் என்று மேடைகளில் சொல்கிறோம். கணியன் பூங்குன்றனாரின் பார்வை உலகளாவியது, அதில் ஐயமில்லை. ஆனால் புறநானூறு அச்சேறியதே 1894இல்தான், உ. வே. சாமிநாதையரின் பதிப்பில். அது ஆங்கில வாசகர்களிடம் பரவலாகப் போய்ச் சேர்ந்தது இன்னும் பல பத்தாண்டுகள் கழித்து. பாட்டு உலகத்தைப் பற்றிப் பேசுவது ஒன்று. அந்தப் பாட்டு உலகத்துக்குள் போய்ச் சேர்வது வேறொன்று.

சேர்ந்த ஒரு பாட்டை அருகிலிருந்து பார்க்கலாம். குறுந்தொகையின் 40ஆம் பாடல்:

‘செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.’

ஏ. கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட மொழிபெயர்ப்புத் தொகுப்பின் வழியே இந்தப் பாட்டு ஆங்கிலத்துக்குள் நடந்தது. 1995இல் விக்ரம் சந்திரா தம் ஆங்கில நாவலுக்குத் தலைப்பையே இந்தச் செம்மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்தார். தமிழில் படிப்பவருக்கு இது குறிஞ்சித் திணை என்று தெரியும்; கூடிய பிறகு, பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியைத் தலைவன் தேற்றுகிறான் என்பதும் தெரியும். உன் தாயும் என் தாயும் யார் யாரோ, உன் தந்தையும் என் தந்தையும் எந்த வகையில் உறவு என்ற கேள்விகளுக்குப் பின்னால் உறவுமுறைத் திருமணம் பழகிய ஒரு சமூகம் நிற்கிறது. ஆங்கிலத்தில் இந்தப் பின்புலம் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. பதிலுக்கு, முன்பின் தெரியாத எந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக்கூடிய பாட்டாக அது மாறுகிறது. மொழிபெயர்ப்பில் இழப்பு இருந்தாலும் வரவு கூடுதலாக இருக்கும் எழுத்தே உலக இலக்கியம் ஆகிறது என்று டாம்ரோஷ் சொல்வது இந்த மாதிரி இடங்களை மனத்தில் வைத்துத்தான்.

1827, வைமர் நகரம்

‘உலக இலக்கியம்’ என்ற சொல்லை முதன்முதலில் உருவாக்கியவர் வைமரில் வாழ்ந்த ஜெர்மன் கவிஞர் கதே என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருக்கு முன்பே ஜெர்மன் மொழியில் அது ஓரிரு இடங்களில் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு கருத்தின் எடையைக் கொடுத்தவர் அவரே. 1827 ஜனவரி 31ஆம் தேதி, தம் செயலராக இருந்த எக்கர்மனிடம் பேசும்போது, தாம் படித்துக்கொண்டிருந்த ஒரு சீன நாவலைக் குறிப்பிட்டுவிட்டு, தேசிய இலக்கியம் என்பதற்கு இனிப் பெரிய பொருள் இல்லை, உலக இலக்கியத்தின் காலம் வந்துகொண்டிருக்கிறது, அதை விரைவுபடுத்த எல்லோரும் முயல வேண்டும் என்றார். கதே இறந்தபின் 1836இல் எக்கர்மன் அந்த உரையாடல்களை நூலாக வெளியிட்டபோது இந்தக் கருத்து பரவியது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கதே மனத்தில் இருந்தது நூல் வரிசை கிடையாது. பத்திரிகைகள், மொழிபெயர்ப்புகள், கடிதங்கள் வழியாக ஒரு நாட்டு எழுத்தாளர் இன்னொரு நாட்டு எழுத்தாளரைத் தெரிந்துகொள்வதும், அதனால் இருவரும் மாறுவதும்தான் அவர் சொன்ன உலக இலக்கியம். இரண்டு, அதே உரையாடலில் அவர், நமக்கு முன்மாதிரி தேவைப்பட்டால் பழைய கிரேக்கர்களிடம்தான் திரும்பிப் போக வேண்டும் என்றும் சொல்கிறார். சீனத்தையும் பிறவற்றையும் வரலாற்று ஆர்வத்தோடு பார்த்து, நல்லதை எடுத்துக்கொண்டால் போதுமாம். கதவு திறந்தது, தலைவாசல் எது என்பதில் மட்டும் அவர் மாறவில்லை. பின்னால் வந்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் விதை இங்கேயே இருக்கிறது.

கதேக்குச் சமஸ்கிருதமும் தெரியாது, தமிழும் தெரியாது. காளிதாசனின் சாகுந்தலம் அவருக்குக் கிடைத்த வழி இது: வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் முதலில் லத்தீனில் ஆக்கி, அதிலிருந்து ஆங்கிலத்தில் 1789இல் வெளியிட்டார், அந்த ஆங்கிலத்திலிருந்து கெயோர்க் ஃபோர்ஸ்டர் 1791இல் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தின் தொடக்கத்தில் வரும் நாடகமேடை முன்னுரைக்குச் சாகுந்தலத்தின் முன்னுரையே தூண்டுகோல் என்பது அறிஞர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தமிழ்க்கதை அவரிடம் போன வழிதான் நமக்கு இன்னும் நெருக்கமானது. அது இந்தத் தீவைத் தொட்டுக்கொண்டு போகிறது.

ஒரே தீவில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

1768இல் இந்தத் தீவுக்குப் பெயர் இல் து ஃப்ரான்ஸ். புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கைவினைஞர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே போர்ட் லூயிஸில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். லபூர்தொனே ஆளுநராக இருந்த காலத்திலேயே கட்டட வேலைகளுக்கு அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பாம்ப்ளெமூஸ் தோட்டத்தின் பெயரோடு சேர்த்து நாம் நினைக்கும் பியேர் புவாவ்ர் அப்போது இங்கே நிர்வாக அதிகாரி. அந்த ஆண்டில் இரண்டு இளைஞர்கள் பிரான்சிலிருந்து வந்து இறங்கினார்கள்.

ஒருவர் பொறியாளராக வந்த பெர்னார்தேன் த சேன்-பியேர். 1770 வரை இருந்துவிட்டுத் திரும்பினார். 1788இல் அவர் எழுதிய ‘போல் எ விர்ஜினி’ ஐரோப்பா முழுவதும் மொழிபெயர்க்கப்பட்டது. 1744இல் நம் கடற்கரையில் உடைந்துபோன சேன்-ஜெரான் கப்பல் அந்தக் கதையின் முடிவாயிற்று. மொரீஷியஸ் உலக இலக்கியத்துக்குள் முதலில் நுழைந்தது ஒரு கதை நடக்கும் களமாகத்தான். இங்கே வாழ்ந்தவர்களின் குரலாக நுழைய வெகுகாலம் ஆயிற்று.

இன்னொருவர் பியேர் சொனரா. புவாவ்ரிடம் வேலை பார்த்தவர், இயற்கை ஆய்வாளர், ஓவியர். பிறகு இந்தியாவுக்குப் போய்ப் பல ஆண்டுகள் சுற்றினார். தமிழ்நாட்டுக் கடற்கரையையும் புதுச்சேரியையும் நன்றாக அறிந்தவர். 1782இல் பாரிஸில் அவருடைய இந்தியப் பயண நூல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. சாமிகள், சடங்குகள், சாதிகள் பற்றிய அத்தியாயங்களில் ‘மாரியாத்தாள்’ கதையையும் சொனரா எழுதி வைத்திருந்தார்.

நமக்குத் தெரிந்த கதைதான். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை, கற்பின் வலிமையால் பாத்திரம் இல்லாமலே ஆற்று நீரைத் திரட்டி எடுத்து வருகிறாள். ஒருநாள் நீரில் கந்தர்வர்களின் நிழலைப் பார்த்து ஒரு கணம் மனம் சலிக்க, நீர் கைக்குள் நிற்காமல் வழிந்துவிடுகிறது. முனிவர் மகனை ஏவுகிறார். பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். பிறகு அவளை உயிர்ப்பிக்க வரம் வாங்கி, பதற்றத்தில், தண்டிக்கப்பட்டுக் கிடந்த ஒரு பறைக்குலப் பெண்ணின் உடலில் தாயின் தலையைப் பொருத்திவிடுகிறான். அப்படி எழுந்தவளே மாரியம்மன். அம்மை நோயைப் போக்கும் ஆற்றல் அவளுக்குக் கொடுக்கப்பட்டதையும் சொனரா சொல்கிறார்.

கதே இந்தக் கதையை வைத்து ‘பறையன்’ என்ற தலைப்பில் மூன்று பாடல்களை எழுதி 1824இல் வெளியிட்டார். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தம் மனத்துக்குள்ளேயே வளர்ந்த கருக்கள் என்று 1823இல் ஒரு கட்டுரையில் சிலவற்றைக் குறிப்பிடும்போது இதையும் சேர்த்திருக்கிறார். நடுப்பாடலில் நீர் பளிங்குப் பந்தாகத் திரள்கிறது. பெயர்கள் எதுவும் இல்லை: ரேணுகை இல்லை, பரசுராமன் இல்லை, மாரியம்மன் என்ற பெயரும் இல்லை. அம்மை நோய் இல்லை. ஆனால் கதேயின் பெண்தெய்வம் பேசுகிறாள். தலை வானத்தில் இருக்க, உடல் தன்னை மண்ணை நோக்கி இழுப்பதை உணர்கிறாள். அதனாலேயே தாழ்த்தப்பட்டோரின் குறையைக் கடவுளிடம் நேராக எடுத்துச் சொல்பவளாகிறாள். முதல் பாட்டு, கடவுளே எங்களுக்கும் காது கொடு என்று ஒரு பறையன் வேண்டுவது. மூன்றாவது பாட்டு அவன் சொல்லும் நன்றி.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கரும்புத் தோட்டங்களை ஒட்டி எழுந்த நம் மாரியம்மன் கோவில்களில் அவள் மழைக்கும் நோய்க்கும் உரியவள். கஞ்சியும் வேப்பிலையும் இல்லாமல் அவளை நினைக்க முடியாது. கதேயிடம் அவை எதுவும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது, உயர்ந்ததும் தாழ்ந்ததும் ஒரே உடம்பில் ஒட்டப்பட்ட அந்த வேதனை மட்டும். அதை அவர் பெரிதாக்கி, ஐரோப்பாவில் அன்று பேசப்பட்ட சமத்துவத்தின் குரலாக்கினார். இது திருட்டும் இல்லை, வெறும் பாராட்டும் இல்லை. ஒரு கதை பயணம் போகும்போது எதைக் கீழே போடுகிறது, எதைத் தூக்கிக்கொண்டு போகிறது, போன இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. உலக இலக்கியத்தின் காலம் வந்துவிட்டது என்று அறிவிப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, அறிவித்தவரின் மேசையில் தமிழ் மண்ணின் கதை இருந்தது. அதைச் சொன்ன ஊர்க்காரர்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

சந்தை, மனிதர், அச்சம்

கதேக்குப் பிறகு இந்தக் கருத்து மூன்று திசைகளில் இழுக்கப்பட்டது.

1848இல் மார்க்ஸும் எங்கெல்ஸும் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையில், உலகச் சந்தை உருவாகும்போது பல தேசிய, வட்டார இலக்கியங்களிலிருந்து ஓர் உலக இலக்கியம் எழுகிறது என்று எழுதினார்கள். சர்க்கரையும் பருத்தியும் போகும் கப்பலிலேயே புத்தகமும் போகிறது என்ற புரிதல் அது. 1834இலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த கப்பல்கள் போர்ட் லூயிஸில் நின்றுகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது அது. இங்கே அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1907இல் தாகூர் கல்கத்தாவில் ‘விசுவ சாகித்யம்’ என்ற தலைப்பில் உரை நிகழ்த்தினார். வெவ்வேறு ஆட்களின் வயல் துண்டுகளைக் கூட்டினால் பூமி ஆகிவிடாது, அதேபோல் தனித்தனி நூல்களைக் கூட்டினால் இலக்கியம் ஆகிவிடாது என்பது அவர் வாதம். எழுத்தாளர் ஒவ்வொருவரிடமும் முழு மனிதகுலம் வெளிப்படுவதைப் பார்க்க வேண்டும் என்றார். ஏறக்குறைய அதே காலத்தில் பாரதி இருவழிப் போக்குவரத்தைக் கேட்டார்: பிறநாட்டு நல்லறிஞர் சாத்திரங்கள் தமிழில் பெயர்க்கப்பட வேண்டும், நமக்குள்ளே பழங்கதை பேசுவதில் மகிமை இல்லை, திறமான புலமையை வெளிநாட்டோர் வணக்கம் செய்ய வேண்டும். இந்த வரிகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். கதே சொன்னதோடு வைத்துப் படிக்க வேண்டிய கோட்பாடு அது.

மூன்றாவது குரல் எரிக் ஆவர்பாக். நாஜிகளால் வேலை இழந்து இஸ்தான்புல்லில் வாழ்ந்த ஜெர்மன் யூத அறிஞர். 1952இல் எழுதிய கட்டுரையில் அவர் ஓர் அச்சத்தைச் சொன்னார்: உலகம் ஒரே மாதிரி ஆகிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே இலக்கிய மொழி மிஞ்சினால், உலக இலக்கியம் என்ற கனவு நிறைவேறிய அந்தக் கணத்திலேயே அழிந்துபோகும். தாய்மொழி வீட்டிலிருந்து நழுவுவதைப் பார்த்திருக்கும் மொரீஷியஸ் குடும்பங்களுக்கு இது வெறும் தத்துவமாகப் படாது.

இன்றைய வாதங்கள்

1999க்குப் பிறகு இந்தத் துறை மறுபடி சூடுபிடித்தது. முக்கியமான நிலைப்பாடுகள் நான்கு.

1. பஸ்கால் கஸனோவா, 1999. இலக்கியத்துக்கு ஒரு தனிக் குடியரசு இருக்கிறது. அதற்குத் தலைநகரம் உண்டு. நீண்ட காலமாக அது பாரிஸ். விளிம்பிலிருந்து எழுதுபவர் அங்கே போய் அங்கீகாரம் பெற்ற பிறகே உலகம் அவரைப் பார்க்கிறது. நம் தீவே இதற்குச் சாட்சி. நம் எழுத்தாளர் மால்கம் த ஷஸாலின் ‘சான்ஸ்-பிளாஸ்டிக்’ என்ற நூல் முதலில் இங்கே அச்சானபோது வெளியுலகம் அறியவில்லை. 1948இல் பாரிஸின் காலிமார் பதிப்பகம் அதை வெளியிட்டு, பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரத்தோன் புகழ்ந்த பிறகு அதே வரிகள் மேதையின் வரிகள் ஆயின. புத்தகம் மாறவில்லை, முகவரி மாறியது.

2. ஃபிராங்கோ மொரெட்டி, 2000. உலக இலக்கிய அமைப்பு ஒன்றுதான், ஆனால் சமமில்லாதது. நாவல் வடிவம் மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும்போது, அயல் வடிவமும் உள்ளூர்ச் சரக்கும் சேர்ந்து ஒரு சமரசம் பிறக்கிறது என்பது அவர் கண்ட விதி. 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் கதைக்குள் கதையும் நீதியும் பழமொழியும் நாவல் என்ற புதுச் சட்டகத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இந்த விதி பொருந்துவது தெரியும். ஆனால் இதை நாவலிலிருந்து கவிதைக்கு நகர்த்தினால் தடுமாறும். சங்கப் பாடலின் வடிவம் எந்த மையத்திலிருந்தும் இறக்குமதி ஆகவில்லை. மொரெட்டி முன்வைத்த ‘தொலைவாசிப்பு’ முறை, அதாவது ஒவ்வொரு நூலையும் ஊன்றிப் படிக்காமல் ஆயிரக்கணக்கான நூல்களைத் தரவாகக் கொண்டு போக்குகளைத் தேடுவது, பெரிய மொழிகளுக்கு எளிது. எண்ணியாக்கம் குறைவாக உள்ள மொழிகள் அந்த வரைபடத்தில் வெறும் வெற்றிடமாகவே தெரியும்.

3. டாம்ரோஷ், 2003. மேலே சொன்னதுதான்: பயணமே அளவுகோல். இது திறந்த மனம் கொண்ட கோட்பாடு. ஆனால் பயணம் போகாதவை ஏன் போகவில்லை என்று அது போதிய அளவு கேட்பதில்லை.

4. எமிலி ஆப்டர், 2013. எல்லாம் மொழிபெயர்க்கக் கூடியதே என்ற நம்பிக்கையே ஆபத்து. பெயர்க்க முடியாமல் எஞ்சுவதை மதிக்க வேண்டும் என்பது அவர் நிலை. எச்சரிக்கையாக இதைக் கேட்டுக்கொள்ளலாம். சிறு மொழிக்காரர்கள் இதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டால், ஏற்கெனவே நடக்காத மொழிபெயர்ப்புக்கு ஒரு சாக்கு கிடைத்தது போலாகிவிடும்.

பாரிஸ் வழியாகப் போகாதவை

இந்த நால்வருமே ஐரோப்பாவையோ அமெரிக்காவையோ நடுவில் வைத்து யோசித்தவர்கள். இந்தியப் பெருங்கடலில் நின்று பார்த்தால் வேறு பாதைகள் தெரிகின்றன.

‘ஆயிர மசலா’ என்ற நூல் ஓர் எடுத்துக்காட்டு. நபிகள் நாயகத்திடம் ஒரு யூத அறிஞர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் அடங்கிய அரபுக் கதை மரபு அது. வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் அதைத் தமிழில் பாடினார். அதே கதை மலாயிலும் ஜாவா மொழியிலும் வாழ்ந்தது. ரோனித் ரிச்சி என்ற அறிஞர் 2011இல் இந்த மூன்று மொழி வடிவங்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது, ஐரோப்பியர் உதவியில்லாமலே ஓர் இலக்கிய உலகம் இந்தக் கடலில் இயங்கியது தெளிவாயிற்று.

திருக்குறளின் பாதை இன்னும் சுற்றுவழி. கார்ல் கிரவுல் 1856இல் ஜெர்மனில் முழுமையாக மொழிபெயர்த்தார். 1908 டிசம்பரில் டால்ஸ்டாய் ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ எழுதும்போது, இன்னா செய்யாமை அதிகாரத்துக் குறள்களை ஓர் அத்தியாயத்தின் முகப்பில் வைத்தார். ‘சிறப்பீனும் செல்வம் பெறினும் பிறர்க்கின்னா / செய்யாமை மாசற்றார் கோள்’ என்பதே அதில் முதலாவது. அந்தக் கடிதத்தைக் காந்தி தென்னாப்பிரிக்காவில் தம் ‘இந்தியன் ஒப்பினியன்’ இதழில் வெளியிட்டார். 1903இல் தொடங்கியபோது அந்த இதழில் தமிழ்ப் பக்கங்கள் இருந்தன. 1906இல் அவை நின்றுபோயின. ஆக, தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதித் தமிழரின் கைக்குத் திருவள்ளுவர் ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தார். உலக இலக்கியம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: இடைமொழிகள் வழியாக, யாரும் திட்டமிடாத வளைவுகளோடு.

நம் தீவில் இது எப்படி நடக்கிறது

மொரீஷியஸ் எழுத்து வெளியே போன பாதைகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதல் பாதை பிரெஞ்சு. ஆனந்தா தேவியின் 1993ஆம் ஆண்டு நாவல் ‘திரௌபதியின் முகத்திரை’. நோயுற்ற மகனுக்காகத் தீமிதிக்க வேண்டும் என்று நெருக்கப்படும் ஒரு பெண்ணின் கதை. தமிழர் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த சடங்கு ஒன்று பாரிஸில் அச்சான பிரெஞ்சு நாவலின் நடுவில் நிற்கிறது. 2006இல் வந்த அவருடைய இன்னொரு நாவல் 2016இல் ஆங்கிலமானது. நியூஸ்டாட் பரிசின் நடுவர்கள் ஆங்கிலத்தில் விவாதிப்பதால், எழுத்தாளரின் படைப்பில் கணிசமான பகுதி ஆங்கிலத்தில் கிடைக்க வேண்டும் என்பது விதி. பாரிஸ் பதிப்பு, பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பு, பிறகு பரிசு: கஸனோவா வரைந்த ஏணி இங்கே அப்படியே பொருந்துகிறது.

2007 மார்ச் 16ஆம் தேதி, பிரெஞ்சில் எழுதும் 44 எழுத்தாளர்கள் ‘லெ மோந்த்’ நாளிதழில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிரெஞ்சு மொழிக்கும் பிரான்ஸ் என்ற தேசத்துக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்க வேண்டும், மையம் இனி எல்லா இடத்திலும் இருக்கிறது என்றார்கள். ஆனந்தா தேவியும், நம் தீவோடு குடும்ப வேர் உள்ள லெ கிளெஸியோவும் கையெழுத்திட்டிருந்தார்கள். நல்ல அறிக்கை. ஆனால் அது வெளியானதும் பாரிஸ் நாளிதழில்தான், அதில் உள்ள உலகமும் பிரெஞ்சு மொழிக்குள் அடங்கிய உலகம்தான்.

இரண்டாவது பாதை இந்தி. அபிமன்யு அனத் 1977இல் எழுதிய ‘லால் பசீனா’, ஒப்பந்தக் கூலிகளின் வாழ்வைச் சொல்லும் நாவல். இந்தியாவில் இந்தி வாசகர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 2001இல் லெ கிளெஸியோவின் முன்னுரையோடு பிரெஞ்சில் வந்தது. தீவில் எழுதப்பட்ட புத்தகம் தீவின் பிரெஞ்சு வாசகர்களிடம் வர இந்தியாவையும் பிரான்சையும் சுற்ற வேண்டியிருந்தது. சுற்றினாலும் வந்தது. வீட்டில் இந்தி பேசுவோர் குறைந்துபோன பிறகும் அந்த நூல் இங்கே நிற்கிறது.

மூன்றாவது பாதை தீவின் பேச்சுமொழியான கிரியோல். தேவ் விராசாமி ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’டைத் தலைகீழாகப் பார்த்து 1991இல் ‘தூஃபான்’ நாடகத்தை எழுதினார். 1999இல் அது ஆங்கிலத்தில் லண்டன் மேடையேறியது. கிரியோல் நம் தொடக்கப் பள்ளிகளில் பாடமானதே 2012இல்தான். பாடப்புத்தகம் இல்லாத மொழிக்கும் பாதை திறக்க முடியும், மொழிபெயர்ப்பாளர் இருந்தால்.

தமிழுக்கு இங்கே இத்தகைய நான்காவது பாதை உருவாகவில்லை. காரணம் தமிழின் தகுதி இல்லை. நம் கோவில்களும் பள்ளிகளும் மொழியைக் காப்பாற்றுவதையே வேலையாக எடுத்துக்கொண்டன; அது பெரிய வேலை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தேவாரமும் குறளும் ஓதப்படுகின்றன, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆனால் ஓதுவது ஒரு நூலைத் தங்கவைக்கும், பயணம் அனுப்பாது.

பரிசுச் செய்தியைப் படிக்கும்போது

ஒரு மொழிக்குப் பரிசு கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், மொழிகளின் தரத்தை ஒப்பிடுவதற்கு முன் விதிகளைப் பார்ப்பது நல்லது.

1. சர்வதேச புக்கர் பரிசுக்கு, ஆங்கில மொழிபெயர்ப்பு பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியாகியிருக்க வேண்டும். பரிசுத் தொகை 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். பானு முஷ்தாக்கோடு தீபா பாஸ்தியும், கீதாஞ்சலி ஸ்ரீயோடு டெய்சி ராக்வெல்லும் மேடையேறியது அதனால்தான்.

2. நோபல் பரிசுக்கு யாரும் தமக்குத் தாமே விண்ணப்பிக்க முடியாது. இலக்கிய, மொழியியல் பேராசிரியர்கள், அகாதெமி உறுப்பினர்கள், முன்பு பரிசு பெற்றவர்கள், எழுத்தாளர் சங்கத் தலைவர்கள் பரிந்துரைக்க வேண்டும். 1913இல் தாகூரைப் பரிந்துரைத்தவர் தாமஸ் ஸ்டர்ஜ் மூர் என்ற ஆங்கிலக் கவிஞர். அதற்கு முந்திய ஆண்டு லண்டனில் ஆங்கிலக் ‘கீதாஞ்சலி’ வந்திருந்தது. தாகூரே அதைத் தம் கையால் மொழிபெயர்த்திருந்தார்.

3. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ தமிழில் 2013இல் வந்தது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016இல் இந்தியாவில் வந்தது. 2022இல் பிரிட்டனில் ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது. 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பத்தாண்டில் கதையில் ஒரு வரிகூட மாறவில்லை.

தமிழிலிருந்து நேரடியாகப் பிரெஞ்சுக்கு நடந்த வேலை அளவில் சிறியது, ஆனால் உறுதியானது. அலேன் தானியேலு ஆர். எஸ். தேசிகனோடு சேர்ந்து செய்த சிலப்பதிகாரம் 1961இல் வந்தது; ஃபிரான்சுவா குரோவின் பரிபாடல் 1968இல் வந்தது.  மொரீஷியஸில் ஒரு பிள்ளை தொடக்கப் பள்ளியிலேயே ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்கிறது, விரும்பினால் தமிழும் கற்கிறது, வீட்டில் கிரியோல் பேசுகிறது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழை உயர்கல்வி வரை படிக்க முடிகிறது. இந்த நான்கு மொழிகளும் ஒரே ஊரில் இப்படிக் கூடியிருப்பது அபூர்வம். ஒரு சிறுகதைத் தொகுப்பைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் கிரியோலுக்கும் கொண்டுபோகத் தொடங்க, இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவர், வரிவரியாக உடன் உட்கார்ந்து திருத்தும் இன்னொருவர், அச்சிட முன்வரும் ஒரு பதிப்பகம், இவ்வளவுதான் வேண்டும்.